கேலரியிலிருந்து வந்த ஊளை

2021 ஜூன் 2. இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் மிடில்ஸ்பரோ நகரின் ரிவர்சைடு மைதானம். யூரோ கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டம், எதிரணி ஆஸ்திரியா. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. கொரோனா கட்டுப்பாட்டால் கேலரியில் சில ஆயிரம் பேர்தான். ஆட்டம் தொடங்கும் முன் இங்கிலாந்து வீரர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுகிறார்கள். உடனே ஊளைச் சத்தம் கிளம்புகிறது. எதிரணியைப் பார்த்தல்ல, சொந்த அணியைப் பார்த்து, சொந்த ரசிகர்கள். அதை அமுக்கிவிடப் பார்த்துக் கைதட்டலும் எழுகிறது. எல்லாம் சில விநாடிகள். வீரர்கள் எழுந்தார்கள், பந்து உருண்டது. 56ஆவது நிமிடத்தில் புகாயோ சாகா கோல் அடித்தார். நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த 19 வயதுப் பையன். நாட்டுக்காக அவர் அடித்த முதல் கோல் அது. கேலரி துள்ளிக் குதித்தது. சற்றுமுன் ஊளையிட்டவர்கள் அப்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் ருமேனியாவுடன் ஆட்டம். மறுபடி ஊளை, மறுபடி கைதட்டல். அன்று வெற்றிக் கோலை அடித்தவர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட். சாகா, ராஷ்ஃபோர்ட் என்ற இந்த இரண்டு பெயர்களுக்கும் பிறகு திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தேசிய அணிக்கு இந்தப் பழக்கம் வந்தது பிரீமியர் லீக்கிலிருந்து. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தார். கொரோனாவால் மூன்று மாதம் நின்றுபோயிருந்த லீக், ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் அணிகளின் ஆட்டத்தோடு மீண்டும் தொடங்கியது. விசில் ஊதியதும் இரு அணியினரும் நடுவரும் மண்டியிட்டார்கள். வீரர்களின் முதுகில் அவரவர் பெயருக்குப் பதில் ‘கறுப்பர் உயிரும் உயிரே’ என்ற முழக்கம் இருந்தது. லீக் மறுபடி தொடங்கிய முதல் 12 ஆட்டங்களுக்கு இந்த ஏற்பாடு. அதற்குப் பிறகு சட்டைக் கையில் ஒரு சின்னம். யோசனை வீரர்களுடையது, லீக் அதற்கு ஆதரவளித்தது. இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. பிறகு நடந்த பலவற்றுக்கும் விளக்கம் இதில் இருக்கிறது.

அன்றைய மைதானம் காலி. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்காக, ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்த கூட்டத்தின் ஆரவாரத்தை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். கோலுக்கு ஒரு சத்தம், தவறவிட்ட வாய்ப்புக்கு ஒரு சத்தம். மண்டியிடலுக்கென்று அந்தத் தொகுப்பில் சத்தம் எதுவும் கிடையாது. இனவெறிக்கு எதிரான லீக்கின் நிலைப்பாடு தன் முதல் அரையாண்டை வாயில்லாத கேலரிகளின் முன்னால் கழித்தது. பதில் வரும்வரை எல்லாமே ஒருமனதாகத்தான் தெரிந்தது.

முதல் பதில் வானத்திலிருந்து வந்தது. ஜூன் 22 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் பர்ன்லி ஆடியபோது, வீரர்கள் மண்டியிட்டு எழுந்த கையோடு ஒரு சிறு விமானம் மேலே வட்டமடித்தது. ‘வெள்ளையர் உயிரும் உயிரே, பர்ன்லி’ என்று எழுதிய பதாகை அதன் வாலில் பறந்தது. ஆட்டத்தில் பர்ன்லி 5-0 என்று தோற்றது. முடிந்ததும் அதன் கேப்டன் பென் மீ கேமரா முன் வந்து, இது தங்களுக்கு வெட்கக்கேடு என்றார். தோல்வியைப் பற்றி அவர் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை. கிளப் மன்னிப்புக் கேட்டது. சம்பந்தப்பட்டவர்களுக்கு வாழ்நாள் தடை என்றது. காவல்துறை விசாரித்துவிட்டுக் குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று கைவிரித்தது.

செப்டம்பரில் புதிய சீசன் தொடங்கியபோது சட்டைக் கையிலிருந்த சின்னம் மாறியிருந்தது. ‘இனவெறிக்கு இடமில்லை’ என்பது புதிய வாசகம். பழைய முழக்கத்தின் பெயரிலேயே ஓர் அரசியல் அமைப்பும் இயங்கியது. அதன் கோரிக்கைகளோடு தன்னைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்ற கவலை லீக்குக்கு. நியாயமான கவலையாகக்கூட இருக்கலாம். ஆனால், கறுப்பர் என்று ஆளைச் சுட்டிய சொல் போய், யாரையும் சுட்டாத சொல் வந்தது. ஆட்சேபிப்பவர்கள் இனியாவது அடங்குவார்கள் என்பது கணக்கு. கணக்கு சரியா என்று பார்க்க, கேலரியில் ஆள் வேண்டும். டிசம்பரில் வந்தார்கள்.

தென்கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர்களின் கிளப்பாக வளர்ந்தது மில்வால். ஊரே தங்களை வெறுக்கிறது என்பதைப் பாட்டாகவே பாடிப் பெருமைப்படும் கூட்டம் அது. 2020 டிசம்பர் 5 அன்று டெர்பி கவுன்ட்டியுடனான ஆட்டத்துக்கு 2,000 பேரை உள்ளே விட்டார்கள். முந்தைய நாளே மில்வால் வீரர்கள் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள்: எந்த அரசியல் இயக்கத்துக்கும் ஆதரவாக அல்ல, பாகுபாட்டுக்கு எதிராகத்தான் மண்டியிடுகிறோம் என்று. அப்படியும் ஊளை கிளம்பியது. பல மாதம் கழித்து மைதானத்துக்குள் வந்த ரசிகர்கள் தங்கள் வீரர்களை வரவேற்ற முதல் சத்தம் அது. டெர்பியின் காலின் காசிம்-ரிச்சர்ட்ஸ் மட்டும் மண்டியிடாமல், நின்றபடி முஷ்டியை மடக்கிக் கையை உயர்த்தினார்.

மூன்றே நாளில் அதே மைதானத்தில் மில்வாலுக்கு அடுத்த ஆட்டம், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன். நாடே கேமராவோடு காத்திருந்தது. வந்த அணி மண்டியிட்டது. மில்வால் வீரர்கள் மண்டியிடவில்லை. இரு அணிகளும் கைகோத்து, ஏற்றத்தாழ்வுக்கு எதிரான ஒரு பதாகையைப் பிடித்து நின்றன. கேலரி கைதட்டியது.

கைதட்டியதும் பலருக்கு நிம்மதி. ‘பார்த்தீர்களா, எங்களுக்கு இனவெறி இல்லை, அரசியல்தான் பிடிக்கவில்லை’ என்று ஊளையிட்டவர்களும் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஒரு நிமிடம் அவர்கள் தரப்பிலிருந்தே பார்ப்போம். டிக்கெட் வாங்குவது ஆட்டம் பார்க்க. வாரம் முழுக்க மேலதிகாரியிடமும் தொலைக்காட்சியிடமும் உபதேசம் கேட்டவர்களுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் சொந்தம். கிளப்பைத் தாத்தாவிடமிருந்து அப்பாவும், அப்பாவிடமிருந்து மகனும் வாங்கிக்கொள்கிறார்கள். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர் மூன்று வருடத்தில் வேறு சட்டைக்கு மாறிவிடுவார். யார் வீட்டில் யார் பாடம் நடத்துவது என்ற எரிச்சல் அதில் உண்டு. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மண்டியிடல் என்ற வடிவத்தின் மீதே சிலருக்கு ஒவ்வாமை இருந்திருக்கலாம். தமிழில்கூட அதற்கு நல்ல பெயர் இல்லை: முட்டி போடுவது வகுப்பறைத் தண்டனை, மண்டியிடுவது தோல்வி. 2020இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த டொமினிக் ராப், இது அடிபணிதலின் அடையாளமாகத் தெரிகிறது, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரிலிருந்து வந்திருக்கும்போல என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். உண்மையில் அது 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், முன்னாள் ராணுவ வீரர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டுத் தேர்ந்தெடுத்த வடிவம். தேசிய கீதத்தின்போது உட்கார்ந்திருப்பதைவிட முழங்காலை ஊன்றுவது மரியாதை என்பது அந்த ஆலோசனை.

‘வடிவம்தான் பிரச்சினை, அரசியல்தான் பிரச்சினை’ என்ற வாதத்தை இரண்டு இடங்களில் உரசிப் பார்க்கலாம்.

ஒன்று, அமெரிக்கா. அங்கே அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக் கேப்பர்னிக்கைப் பல ஆண்டுகள் அந்தரத்தில் விட்டுவிட்டு, 2020 ஜூனில்தான் வீரர்கள் சொன்னதைக் கேட்காதது தவறு என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 10 அன்று கேன்சஸ் சிட்டியில் சீசனின் முதல் ஆட்டம். தேசிய கீதம் முடிந்துவிட்டது. கொடி சம்பந்தமில்லை, அந்தக் கணத்தில் யாரும் மண்டியிடவில்லை. இரு அணியினரும் மைதானத்தின் குறுக்கே கைகோத்துச் சமத்துவத்துக்காகச் சில விநாடி மௌனமாக நின்றார்கள். மில்வாலில் கைதட்டல் வாங்கிய அதே காட்சி. இங்கே கேலரியிலிருந்து ஊளை கேட்டது. முழங்காலை எடுத்துவிட்டால் ஊளை போய்விடும் என்பதற்கு அன்றிரவு உத்தரவாதம் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது உரைகல் இங்கிலாந்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் பிரீமியர் லீக் சட்டைகளில் போரில் இறந்த வீரர்களின் நினைவாகச் சிவப்பு பாப்பிப் பூ ஏறும். ஒரு நிமிட மௌனம் உண்டு. அதை அரசியல் என்று ஊளையிட யாருக்கும் துணிவு வராது. ஜேம்ஸ் மெக்ளீன் என்ற அயர்லாந்து வீரர் 2012இலிருந்து அந்தப் பூவை அணிய மறுத்தார். அவர் பிறந்த ஊர் டெர்ரி. 1972இல் அந்த ஊரில் பிரிட்டிஷ் ராணுவம் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றது. அவர் வளர்ந்த குடியிருப்பைச் சேர்ந்தவர்களும் செத்தவர்களில் உண்டு. அடுத்து வந்த ஆண்டுகளில் போன மைதானங்களிலெல்லாம் அவருக்கு ஊளை விழுந்தது, சில சமயம் சொந்த ரசிகர்களிடமிருந்தே. ஆக, ஒரு சைகையைச் செய்தவர்களுக்கும் ஊளை. இன்னொரு சைகையைச் செய்யாதவருக்கும் ஊளை. 2022இல் உக்ரைனுக்காக லீக் முழுக்கக் கேப்டன்கள் கைப்பட்டை அணிந்தபோது, விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கேலரிக்கு அரசியல் ஒவ்வாது என்பது பொய். எந்த அரசியல் தன்னைப் பார்த்துக் கேள்வி கேட்கிறதோ அது மட்டும்தான் அதற்கு ஒவ்வாது.

இதைச் சொல்லும்போது ரசிகர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். 2021 ஜூனில் யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பில் இங்கிலாந்து ரசிகர்களில் மண்டியிடலை ஆதரித்தவர்களே அதிகம்; எதிர்த்தவர்களும் ஒதுக்கித்தள்ளும் எண்ணிக்கையில் இல்லை. இன்னொன்று: இனவெறிக்கு எதிரான வேலையைக் கால்பந்தில் தொடங்கியது லீக் இல்லை. 1982இல் செல்ஸியின் முதல் கறுப்பு வீரரான பால் கானவில் மாற்று ஆட்டக்காரராக இறங்கத் தயாரானபோது, அவரை வசைபாடியது செல்ஸி ரசிகர்கள். 1988இல் லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ், தன்னை நோக்கி எறியப்பட்ட வாழைப்பழத்தைப் பின்னங்காலால் தட்டிவிட்ட புகைப்படம் உலகம் சுற்றியது. அந்தக் காலத்தில்தான் லீட்ஸில் ரசிகர்களே கூடி ஒரு சிறுபத்திரிகை அச்சடித்து, மைதான வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த இனவெறிக் கும்பல்களுக்கு எதிராக விநியோகித்தார்கள். அப்போது பிரீமியர் லீக் பிறக்கவே இல்லை. அது 1992இல் வந்தது. மைதானத்தில் இனவெறிக் கோஷம் குற்றம் என்ற சட்டம் 1991இல் வந்தது, அதுவும் ஓட்டையோடு. ஒருவர் மட்டும் கத்தினால் அது கோஷம் ஆகாது, கூட இன்னொருவராவது சேர்ந்து கத்தியிருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. தனி ஆளின் கூச்சலும் குற்றம்தான் என்று திருத்த 1999 வரை ஆனது. வசையைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மண்டியிடலை எதிர்த்த கறுப்பர்களும் உண்டு. இந்த விவாதத்தில் மிகவும் கனமான பேச்சு அவர்களுடையதுதான். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸின் அப்போதைய இயக்குநரும் முன்னாள் வீரருமான லெஸ் ஃபெர்டினான்ட், 2020 செப்டம்பரிலேயே அதை ஓர் அலங்கார ஹேஷ்டேக்கோடும் சட்டையில் குத்தும் பேட்ஜோடும் ஒப்பிட்டார். அதன் செய்தி தொலைந்துவிட்டது என்றார். கிரிஸ்டல் பேலஸின் வில்ஃபிரட் ஸாஹா 2021 மார்ச் 13 அன்று, சுற்றிலும் எல்லோரும் மண்டியிட்டிருக்க, தான் மட்டும் நிமிர்ந்து நின்றார். கறுப்பாக இருப்பதில் பெருமைகொண்டு நிமிர்ந்து நிற்கத்தான் பெற்றோர் வளர்த்தார்கள், மண்டியிடுவது எனக்குக் கௌரவக் குறைவு என்பது அவருடைய விளக்கம். நாங்கள் மண்டியிட்டாலும் வசை தொடர்கிறதே என்றும் கேட்டார். அவர் நின்ற படத்தை ஊளையிட்டவர்கள் தங்களுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் இதிலுள்ள குரூரம். ஸாஹா கேட்டது இன்னும் அதிகம்; அவர்கள் கேட்டது ஒன்றுமே வேண்டாம் என்று.

இனி ரிவர்சைடுக்குத் திரும்பலாம். ருமேனியா ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள் இங்கிலாந்துப் பயிற்சியாளர் காரெத் சவுத்கேட் நாட்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தாத்தாவின் ராணுவ சேவையைச் சொல்லி, தேசப்பற்று என்றால் என்னவென்று ஊளையிட்டவர்களுக்கும் புரியும் மொழியில் பேசிவிட்டு, சமத்துவம் பற்றிப் பேசுவது என் வீரர்களின் கடமை என்று முடிச்சுப் போட்டார். லீக் ஒரு வருடமாக எழுதிய எந்த அறிக்கையையும்விட அந்த மடல் பரவலாகப் படிக்கப்பட்டது. காரணம், அதில் அறிக்கையின் வாடை இல்லை. மறுபக்கம், அன்றைய உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் மண்டியிடலை ‘சைகை அரசியல்’ என்றார்; ஊளையிடுவது ரசிகர்களின் விருப்பம் என்றார். அன்றைய ஆளுங்கட்சி எம்.பி. லீ ஆண்டர்சன் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்தார். அணி இறுதிப்போட்டி வரை போனது. பாவம், அவர் அதையும் பார்க்காமல் இருக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 11, வெம்பிளி. இத்தாலியுடன் 1-1 சமன், பெனால்டியில் தோல்வி. தவறவிட்டவர்கள் மூவர்: ராஷ்ஃபோர்ட், ஜேடன் சான்ச்சோ, சாகா. மூவரும் கறுப்பர்கள். ஐந்து வாரத்துக்கு முன் ரிவர்சைடில் கோல் அடித்த இருவரும் அதில் அடக்கம். அன்றிரவே அவர்களுடைய கணக்குகளில் குரங்குப் படங்களும் வசையும் குவிந்தன. 24 மணி நேரத்தில் ட்விட்டர் நீக்கியவை 1,622 பதிவுகள். முகமில்லாத போலிக் கணக்குகள்தான் இதையெல்லாம் செய்கின்றன என்பது பொதுவான சமாதானம். பிறகு அந்த நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நிரந்தரமாக முடக்கப்பட்ட கணக்குகளில் 99 சதவீதம் யாருடையவை என்று அடையாளம் தெரிந்தவைதான். அதிக வசை கிளம்பிய நாடும் பிரிட்டன்தான். காவல்துறையின் கணக்கோ வேறு: குற்றம் என்று அது முடிவுசெய்த 207 பதிவுகளில் 34 உள்நாட்டுக் கணக்குகளிலிருந்தும் 123 வெளிநாடுகளிலிருந்தும் வந்தவை. இரண்டும் எண்ணியது ஒரே பொருளையல்ல. ஒன்று நிறுவனத்தின் விதியை மீறியவை, மற்றது சட்டத்தை மீறியவை. அவற்றை ஒப்பிட்டுத் தங்களுக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்வதுதான் நடந்தது.

மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ராஷ்ஃபோர்டின் பெரிய சுவரோவியம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்த இரவில் யாரோ அதன்மீது கிறுக்கினார்கள். விடிந்ததும் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் கிறுக்கலை மூடினார்கள். அதன்மேல் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கடுதாசிகளை ஒட்டத் தொடங்கினார்கள். இதயம் வரைந்த தாள்கள், நன்றி என்று எழுதிய துண்டுகள். இரண்டு நாளில் சுவரே தெரியவில்லை. அந்தக் கிறுக்கல் இனவெறித்தன்மை கொண்டதாகத் தெரியவில்லை என்று காவல்துறை பிற்பாடு சொன்னது. ஆனால் அந்தக் காலை அங்கே வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களும் ரசிகர்கள்தான்.

கோல் அடித்தால் நம்ம பிள்ளை, தவறவிட்டால் வந்தேறி. இந்த நிபந்தனை அன்பை அளந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எகிப்தைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் முகமது சாலா 2017இல் லிவர்பூலில் சேர்ந்து கோல்களாகக் குவித்தார். அதன்பின் அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 16 சதவீதம் குறைந்தன என்றும், லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் விரோதப் பதிவுகள் மற்றக் கிளப் ரசிகர்களோடு ஒப்பிடுகையில் ஏறக்குறையப் பாதியாயின என்றும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நல்ல செய்திதான். சாலா ஆண்டுக்கு ஐந்து கோல் அடிப்பவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் எனக்கு விடாமல் வருகிறது.

நமக்கும் இதில் ஒரு கிளை உண்டு. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுடன் ஆடும் முன் இந்திய அணி மண்டியிட்டது. பத்து விக்கெட்டில் தோற்ற அன்றிரவே முகமது ஷமியின் கணக்கில் அவருடைய மதத்தைச் சொல்லி வசை குவிந்தது. சாகாவுக்கு நடந்ததன் மறுபதிப்பு. கேப்டன் கோலி சில நாள் கழித்து அதைக் கண்டித்தார். அமெரிக்கத் தெருவுக்காக மண்டியிட்டோம். நம் தெருவைப் பற்றிப் பேச ஒரு தோல்வி தேவைப்பட்டது. வெளுப்பு மட்டுமே அழகல்ல என்று 2017இல் நம்ம கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் எழுதியபோது, சிறு வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றிக் கேட்ட ஏச்சுகளைத்தான் சொன்னார். அதற்காக எந்த லீக்கும் சின்னம் தைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் பிரீமியர் லீக் கேப்டன்கள் கூடி, இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் மண்டியிட வேண்டாம், குறிப்பிட்ட ஆட்டங்களில் போதும் என்று முடிவெடுத்தார்கள். அடிக்கடி செய்தால் மதிப்புக் குறைகிறது என்பது காரணம். அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு லீக்கின் வேறொரு கணக்கைச் சொன்னது: பிரீமியர் லீக் வீரர்களில் 43 சதவீதம் கறுப்பர்கள், முன்னாள் வீரர்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் பயிற்சிப் பொறுப்புகளில் அவர்கள் 4.4 சதவீதம், நிர்வாகத்திலும் உரிமையிலும் 1.6 சதவீதம். கேலரியின் ஊளையை எல்லோரும் கேட்டோம். இந்த எண்ணுக்குச் சத்தம் கிடையாது, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லீக்கின் நிலைப்பாட்டின் மீது எனக்குள்ள குறை ஊளைக்கு அது பணிந்ததல்ல. தன் நியமன அறைக்குள் செய்திருக்க வேண்டியதை, மைதானத்தின் நடுவில் இருபதுகளில் இருக்கும் பையன்களைச் செய்யவிட்டு, அதற்கு விழுந்த அடியையும் அவர்களையே வாங்கவிட்டது.

2025 ஜூலையில் யூரோ கோப்பை ஆடிய இங்கிலாந்துப் பெண்கள் அணியின் ஜெஸ் கார்ட்டருக்கு இனவெறி வசை வந்தது. அரையிறுதிக்கு முன் அணியினர் சேர்ந்து, மண்டியிட்டது போதும், வேறு வழி தேடவேண்டும் என்று அறிவித்துவிட்டு நின்றபடியே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதி ஆன்ஃபீல்டில் பிரீமியர் லீக் சீசனின் முதல் ஆட்டம். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகியிருந்தபோது, கேலரியிலிருந்து ஒருவர் இனவெறி வசை பேசியதாக போர்ன்மத் வீரர் அன்டுவான் செமென்யோ நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. நடுவர் இரு பயிற்சியாளர்களையும் கேப்டன்களையும் அழைத்துப் பேசினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. லிவர்பூல் 4-2 என்று வென்றது; போர்ன்மத்தின் இரண்டு கோல்களையும் அடித்தவர் செமென்யோ.